கம்ப்யூட்டருக்கு மாட்டிய சட்டை

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளான எஃப்ரேனுக்கு,

உங்கள் சொய்லா எழுதுவது. நான் நலம். அங்கே இறால் பண்ணையில் கொசு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொல்லலாம் என்றால் அந்தத் தீவில் சிக்னல் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. பன்றி நம் வீட்டுக்கு வந்துவிட்டது! ஆமாம், திருவிழாப் பந்தயத்தின் பரிசுப் பன்றியேதான். கொல்லையில் கட்டியிருக்கிறேன். எப்படி வந்தது என்று நிதானமாகப் படியுங்கள். கடிதம் கொண்டுவரும் ஐஸ் படகுக்காரர் அவசரப்படுத்தினால் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கைப்பந்தில் கடைசிப் புள்ளியை நீங்கள் அடித்ததும், வலையைத் தொட்டுவிட்டீர்கள் என்று எதிரணியின் கீழ்த்தெரு வில்மர் கத்தினானே. நடுவர் அப்தோன் பெரியவரும் முடிவு சொல்லாமல் பன்றியைத் தன் வீட்டுக்கு ஓட்டிப் போனாரே. நம் ஆட்களே வாய் திறக்கவில்லை. "நான் தொடலைன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்" என்று நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்கென்ன, போய்விட்டீர்கள். சந்தையில் "வலைக்காரர் பொண்டாட்டி" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

என் தங்கை ஹெர்மானியா ஆட்டம் முழுவதையும் கேமராவில் எடுத்திருந்தாள் அல்லவா? அதை நம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரியவரையும் வில்மரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வில்மர் ஒரு நிபந்தனை போட்டான்: "முதல் சர்வீஸ்லேர்ந்து ஓடணும் அக்கா. நடுவுல தாண்டினா, வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவேன்." சரி என்றேன். இலையில் சுற்றி அவித்த சோளத் தமாலும் காப்பியும் கொடுத்தேன். படம் முதலில் நன்றாகத்தான் ஓடியது. போகப் போகத் திக்க ஆரம்பித்தது. கடைசிப் புள்ளியில், தூக்கிய கையோடு நீங்கள் அப்படியே உறைந்துவிட்டீர்கள். அடுத்துத் தெரிந்தது வலை ஆடுவது மட்டும்தான். "பாத்தீங்களா, கையும் களவுமா!" என்று என் தமாலையே மென்றுகொண்டு வில்மர் சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர்தான், இன்னொரு ஞாயிறு பார்க்கலாம் என்றார்.

அதற்குப் பிறகு பட்ட பாடு இருக்கிறதே! ஹெர்மானியா கம்ப்யூட்டரிலிருந்த விளையாட்டுகளையெல்லாம் அழித்தாள். கரண்ட் பத்தவில்லை என்று உங்கள் தம்பி ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினார். டவுன் கடைக்காரர் புதுசு வாங்கச் சொன்னார், வேறென்ன சொல்வார்? எதற்கும் அது மசியவில்லை. ஒருநாள் காலையில், போட்டவுடனே நேராகக் கடைசிப் புள்ளிக்குத் தாண்டிப் பார்த்தேன். ஐயோ எஃப்ரேன், அவ்வளவு தெளிவு! உங்கள் கைக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. வலையில் போய் இடித்தது வில்மரின் தொப்பை! சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஆனால் தாண்டிக் காட்டினால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டானே. ஒன்று மட்டும் புரிந்தது. கோளாறு படத்தில் இல்லை. ஓட ஓடக் கம்ப்யூட்டர்தான் களைத்துப்போகிறது.

படத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் இருக்கும் வாணலி மாதிரி சுட்டது. அப்போதுதான் அந்தச் சட்டை கண்ணில் பட்டது. மிக்சிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பின்னியது போலவே அதற்கும் மஞ்சள் நூலில் பூ வைத்து ஒரு சட்டை பின்னி மாட்டியிருந்தேனே, அதேதான். காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் என் பூவுக்கடியில். "பாவம்டி அது, மூச்சு முட்டிச் செத்துடும். அடுத்தது எனக்கா?" என்று நீங்கள் அன்றே கேட்டீர்கள். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

சட்டையை உருவினேன். ஒயரைப் பிடுங்கிவிட்டு நானும் ஹெர்மானியாவும் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே விசிறியில் நூல் பிசிறும் பூனை முடியும் கயிறாகத் திரண்டு கிடந்தன. பெயிண்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் எடுத்தோம். பிறகு ஆட்டம் முழுவதையும் ஓட்டினேன். ஒரு திக்கல் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை தெருவே நம் வீட்டில். ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். முதல் சர்வீஸிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது படம். கடைசிப் புள்ளி வந்தது, தொப்பை வந்தது, வலை ஆடியது. அப்போது எழுந்த சத்தம் உங்கள் பண்ணைவரை கேட்டிருக்கும். பெரியவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "எஃப்ரேன் தொடல. தப்பு என் கண்ணுமேல" என்றார், எல்லோர் முன்னாலும். "கம்ப்யூட்டர் என்னை குண்டா காட்டுது" என்று வில்மர் முனகினான். "இருக்கறதத்தான்டா காட்டுது" என்றாள் ஹெர்மானியா. அப்புறம் அவனே பன்றியை இழுத்து வந்து கட்டிவிட்டு, உங்களிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

கம்ப்யூட்டரை எப்படிச் சரிசெய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

ஊர் வாய் திறந்து சொல்லிவிட்டது. இனி உங்களுக்குச் சாக்கு இல்லை. ஆட்டத்தில் உங்கள் இடத்தில் உங்கள் தம்பியை நிறுத்தியிருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. பன்றியை எப்போது வெட்டலாம் என்று தினமும் யாராவது வருகிறார்கள். ஜெயித்தவர் வராமல் யாரும் கத்தியெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சிஸ்னே மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். அடுத்த ஐஸ் படகில் பதில் அனுப்ப வேண்டாம். நீங்களே ஏறி வாருங்கள்.

என்றும் உங்கள்,
சொய்லா

பி.கு.: அந்த மஞ்சள் சட்டையைப் பிரித்து நூலாகச் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்தது உங்களுக்குத்தான். அளவெடுக்க ஆள் வேண்டும்.