சோதனை ஓட்டம்

ஜூலை 14, செவ்வாய்

இன்று ஒரு வண்டி விற்றேன். இந்த மாதமும் விற்காவிட்டால் ஷோரூமுக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

வந்தவர் மும்பை மாட்டுங்காத் தமிழர், சபேசன். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட வேண்டும், சனி ஞாயிறு மலைப்பாதையும் ஏற வேண்டும், வழியில் படுத்துவிடக் கூடாது. அப்படியொரு எஸ்யூவி கேட்டார்.

"ஹைவேல எல்லா வண்டியும் நன்னாத்தான் போகும்மா. பக்கத்துல மோசமான ரோடு இருக்கா?"

"தாராவி லே ஜா," என்றார் மேனேஜர், தாராவிக்குக் கூட்டிப் போ என்று. என் வீடு தாராவியில்தான் என்று அவருக்குத் தெரியாது; ஷோரூமில் நான் செம்பூர்க்காரி.

குழாய் போடத் தோண்டி, மூடாமல் விட்ட எங்கள் தெருவுக்கே வழி சொன்னேன். தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கடக்கிற தெரு. பள்ளம் நிறைய மழைத்தண்ணீர். வண்டி ஓட்டிய சபேசன் வேகத்தைக் குறைக்கவில்லை. இட்லிப் பாத்திரத்தோடு எதிரே வந்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் முகமெல்லாம் சேறு. நான் குனிந்து சீட் பெல்ட்டைச் சரிசெய்தேன்.

"பள்ளம் இருந்ததே தெரியலைம்மா," என்றார் சபேசன். திரும்பியதும் அட்வான்ஸ் கட்டினார். மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார்.

சாயங்காலம் குழாயடியில் அக்கா சேலை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ காரு விக்கிறவதான? காலையில ஒரு பெரிய வெள்ளக் காரு. அம்புட்டு இட்லியும் சாக்கடைல போச்சு. கண்ணுல சேறு, ஆளத் தெரியல. ஒசரமா, பின்னாடி டயரு தொங்கும். அது என்ன காருட்டி? இன்னொரு தடவ வந்தா கல்லாலயே அடிக்கணும்."

வேறு கம்பெனி வண்டி ஒன்றின் பெயரைச் சொன்னேன்.