உன் அம்மா கொடுக்காத சாவி

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே? சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்: உன் அம்மா ஜெயித்துவிட்டாள்! அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்குப் போகிறாள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே அவள் போனைப் பிடுங்கி, "ஒண்ணுமில்ல கண்ணு, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

வேலை போனது உனக்குத் தெரியும். ஏன் போனது என்று முழுசாகத் தெரியுமோ என்னவோ. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தக் கம்பெனியில், பெரிய மெஷினுக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, வெளியே நிற்பவர் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே அவள் சிநேகிதி சிட்டு, வெளியே உன் அம்மா. சூப்பர்வைசர் ஓடி வந்து, "துணி மலையா குவிஞ்சு கிடக்கு, அவ இதோ வந்துடுவா, நீ முதல்ல பூட்டைத் திற" என்று குதித்தாராம். "அவ வெளிய வந்து என் பக்கத்துல நிக்கட்டும், அப்புறம் திறக்கறேன்" என்றிருக்கிறாள் இவள். கூடவே ஒரு வார்த்தையும் விட்டிருக்கிறாள். கீழ்ப்படியவில்லை, மரியாதையில்லாமல் பேசினாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

யூனியனும் கம்பெனியும் சேர்ந்து அமர்த்திய நடுவர் இரண்டு தரப்பையும் விசாரித்தார். அந்த வார்த்தை என்னவென்று கேட்டதற்கு மட்டும், "அவரையே கேளுங்க, அவருக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்" என்றாளாம்! பூட்டைத் திறக்காதது சரி, பேச்சுக்கு ஓர் எச்சரிக்கை போதும், வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பானது. கம்பெனி விடுமா? அந்தத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனது. நடுவில் சமரசம் பேசவும் ஆள் வந்தது. தானாக ராஜினாமா செய்தால் நல்ல சான்றிதழ் தருவார்களாம். "நான் என்ன தப்பு செஞ்சேன், நானா போறதுக்கு?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டாள்.

கோர்ட்டில் சொல்ல வேண்டியதைத் துணி மடிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். என்னைச் சூப்பர்வைசராக நிறுத்தி ஒத்திகை வேறு. கடைசியில் நீதிபதி அவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வக்கீல்கள்தான் பேசினார்கள். "நடுவர் சொல்வதை ஏற்போம் என்று ஒத்துக்கொண்டது நீங்கள் இரண்டு பேரும்தான். அவர் இரு தரப்பையும் கேட்டாரா, ஒப்பந்தத்துக்குள் நின்றாரா, அதை மட்டுமே நான் பார்ப்பேன். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது இங்கே கேள்வியே இல்லை" என்றார் நீதிபதி. நடுவர் தீர்ப்பு செல்லும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தேன். உன் அம்மாவோ உம்மென்று இருந்தாள். பஸ்ஸில், "நான் செஞ்சது சரின்னு இவரு சொல்லவே இல்லையே" என்றாள். அதை நடுவர் எப்போதோ சொல்லியாயிற்று, யாரும் இனி அழிக்க முடியாது என்பதைத்தான் இவர் சொன்னார் என்று, நம் வக்கீலம்மா எனக்கு விளக்கியதையே அவளுக்கு விளக்கினேன். கோர்ட்டுக்குக் கூட வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிட்டு வழியெல்லாம் அவள் கையை விடவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அப்படியொரு பெருமை, மகளே! இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

வேலை போன அன்று, "எதுக்கும்மா இந்த வீம்பு, சாவியைக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல" என்று நீ போனில் கேட்டாய். தூரத்தில் இருக்கும் கவலையில் கேட்டாய், எனக்குக் கோபமில்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும், "கேளு கண்ணு" என்றுதான் ஆரம்பிப்பாள். சூப்பர்வைசரை யாராவது கண்ணு என்பார்களா?

கோர்ட் கேட்காததை நீ கேள், தாயே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணி, "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று கேள். நடுவில் பேசாமல் கடைசிவரை கேள். அந்த வார்த்தையையும் சொன்னால் எனக்கு எழுதிப் போடு, என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

மூவரும் நன்றாயிருங்கள். முதல் தேதி அவள் அந்தச் சுவிட்சுக்குப் பூட்டுப் போடும்போது மனசில் ஒரு குறையும் இருக்கக் கூடாது.

உன் அம்மாவின் புருஷன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படும்
அப்பா