எண்ணெய் குடித்த துப்பாக்கி

அத்தான்,

உங்கள் மானத்தின் விலை நாற்பது ரூபா. துரை சீமைக்குப் போகிறார் என்று பங்களா பட்லர் கொண்டுவந்த இரண்டு காற்றுத் துப்பாக்கிகளில் கடை எலிகளைச் சுடவென்று பளபளப்பானதைப் பிடித்தீர்களே, அதன் விலை. முதல் நாள் வெடித்த சத்தமும் புகையும், குழலுக்குள் அவன் விட்ட எண்ணெய் எரிந்ததுதான். புகையிலையை நனைத்து எடை ஏற்றி விற்ற அப்பாவின் மகளுக்கு இது தெரியாதா? எண்ணெய் தீர்ந்தது, நேற்று குண்டடி பட்ட எலி முதுகைச் சொறிந்துகொண்டு அரிசி மூட்டைக்குள் போயிற்று. சீ! கடையே சிரித்தது.

பத்து மணிக்குப் பட்லர் மற்றத் துப்பாக்கியோடு வருவான். கீறல் விழுந்ததை வாங்குங்கள். அன்று அதன் குழலை மடக்கிப் பார்த்தேன், கை வலித்தது. ஸ்பிரிங்கில் உயிர் இருக்கிறது.

எலி புகுந்த அந்த அரிசிக்கு உலை வைக்க மாட்டேன். அட்டனில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: பட்லர் முன்னால், "பொம்பளைக்குத் துப்பாக்கியப் பத்தி என்னா தெரியும்?" என்றீர்களே. சுட்டது பதினேழு, பட்டது ஒன்று, செத்தது இல்லை. மன்னிப்பு ஒன்று பாக்கி.