வெள்ளைச் சட்டைக்குப் பின்னால்

எருக்கலம்பிட்டி
14.07.2024

அன்புள்ள ஜூலியட்டுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். ரொறன்ரோவில் மகளும் புதிதாய்ப் பிறந்த பேரப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று கேட்பாய். உன் மகள் போனைச் சத்தமாகப் போட்டுவிட்டுச் சமைக்கிறாள். இது உனக்கு மட்டும்.

நீரிழிவுக்கு நடங்கள் என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து நம் சீனி வருத்தக்காரர் கூட்டம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிகிறது. நேற்றுத் திருக்கேதீஸ்வரத்தில் பாலாவிக் குளக்கரையால் நடந்தோம். இராசேந்திரம் மாஸ்டர் வழக்கம்போல முன்னால். நீ போனபிறகு கடைசி ஆளாக வருவது என் வேலை. கடைசியில் வருகிறவளுக்கு எல்லோருடைய நடையும் தெரியும். ஜூலியட், உன் மனுசனுக்குக் கண் தெரியவில்லை.

கடற்படைக்காரர் தூரத்திலேயே கண்டு மறிக்காமல் விடட்டுமென்று எல்லோரும் வெள்ளை உடுத்தத் தொடங்கினோமே, நான்கூட வெள்ளை ஹபாயா தைப்பித்தேனே, அந்த வெள்ளைதான் இப்போது அவருக்கு வழி. பாதையைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிற சட்டையைப் பார்த்தே காலை வைக்கிறார். நம்மோடு நடக்கிற கனகம்மா தேத்தண்ணி கொடுத்தால் கோப்பை விரலில் படும்வரை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். திங்கட்கிழமை காலையில் அதே கண்ணோடு பள்ளிக்கூட வானை ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் கடல் உள்ள அந்த நீட்டுப் பாலத்தால் பிள்ளைகளை ஏற்றி வருகிறார். கனகம்மாவின் பேத்தி தக்சிகாவும் அதில்தான் வருகிறாள். ஓட்டுவதை நிறுத்தச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன்
முஸ்பிரா


ரொறன்ரோ
06.08.2024

என் முஸ்பிராவுக்கு,

மாதாவின் காவலில் எல்லோரும் சுகம். பிள்ளை பாலுக்கு அழுகிறது, நான் ஊரை நினைத்து அழுகிறேன். கடிதம் கண்டதும் இவருக்குப் போன் எடுத்தேன். "முஸ்பிராக்கு வேற வேலை இல்லை. நான் இப்பவும் ஊசிக்கு நூல் கோப்பன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நீயும் நம்பியிருப்பாய்.

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்களுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. பழைய இரும்பாகக் கிடந்த வானை அவர்தான் உயிர்ப்பித்தார். காலையில் பிள்ளைகள் "ரூபன் மாமா" என்று கத்தும் சத்தம் இல்லாவிட்டால் கதிரையில் இருந்தபடியே செத்துப்போவார். மார்கழியில் வந்து நானே கண் டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதே. நடைக்கு வருகிறவர்களின் வாய் உனக்குத் தெரியாததா?

அன்புடன்
ஜூலியட்


எருக்கலம்பிட்டி
13.10.2024

அன்புள்ள ஜூலியட்டுக்கு,

நேற்று நடந்ததைக் கேள். வங்காலைப் பக்கம் கடல்நீர் தேங்கும் களப்போரமாக நடந்தோம். முதல் மழை பெய்து சேறு மேலே காய்ந்து, கீழே கூழாக இருந்தது. ரூபன் அண்ணை சற்றுப் பிந்திவிட்டார். செருப்பில் குத்திய முள்ளை எடுக்க நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் பாதையில் இல்லை. களப்புக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

அங்கே கொக்குக் கூட்டம் ஒன்று நின்றது. வெள்ளை வெளேரென்று. நாங்கள் என்று நினைத்துவிட்டார், ஜூலியட். "மாஸ்டர், கொஞ்சம் நில்லுங்கோ" என்று கொக்குகளைக் கூப்பிட்டார். அவை எழும்பிப் பறந்தன. அவர் இடுப்பளவு சேற்றில் நின்றார்.

நான் கத்தியதில் மாஸ்டர் ஓடி வந்து, என் சால்வையை எறிந்து இழுத்தார். கரைக்கு வந்ததும் அண்ணை, "கொக்கைக் கிட்டப் போய்ப் பாத்தனான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாலத்தில் கொக்கு நிற்காதென்று யார் சொன்னது? நான் மூன்றுதரம் போன் எடுத்தேன்; வான் என்றதும் நீ கதையை மாற்றினாய். இனி என்னால் பொறுக்க முடியாது.

முஸ்பிரா


ரொறன்ரோ
30.10.2024

முஸ்பிரா,

மார்கழி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறது. அவரை ஊர் முன்னால் குருடனாக்கி நிறுத்தாதே. நீ தொழுகிற அல்லாஹ்வின் பேரால் கேட்கிறேன், கொஞ்சம் பொறு.

ஜூலியட்


எருக்கலம்பிட்டி
24.11.2024

அன்புள்ள ஜூலியட்டுக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பொறுத்தேன். பிறகு மாரி இறங்கியது. பாலமும் கடலும் ஒரே நிறமாகிவிட்டன. எனக்கு நித்திரையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துக் கனகம்மா வீட்டடிக்குப் போனேன். தாய்மார் பிள்ளைகளைக் குடைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த மழை இருட்டில் வான் விளக்குப் போடாமல் வந்து நின்றது. அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்கத்தான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் ஏறத் தொடங்கியதும் பயத்தில் எல்லாம் மறந்துபோய் வானின் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"அண்ணை, நான் என்ன நிறம் உடுத்திருக்கிறன்?"

என் குரலை அடையாளம் கண்டு சிரித்தார். "இதென்ன கேள்வி முஸ்பிரா, வெள்ளைதானே."

நான் கறுப்பு ஹபாயாவோடு நின்றேன்.

கனகம்மா கதவைத் திறந்து தக்சிகாவைத் தூக்கி இறக்கினா. மற்றத் தாய்மாரும் வந்து தங்கள் பிள்ளைகளை இறக்கினார்கள். "ஏன், என்ன நடந்தது, ஏன் இறங்கிறியள்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று நடைக்கு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தட்டினேன். உள்ளே ரேடியோ கேட்டது, கதவு திறக்கவில்லை. உன் பதிலை நினைக்கவே பயமாயிருக்கிறது. ஆனாலும் எழுது.

முஸ்பிரா


ரொறன்ரோ
10.12.2024

முஸ்பிராவுக்கு,

உன் கடிதம் வருமுன்பே ஊர் எனக்குப் போனில் எல்லாம் சொல்லிவிட்டது. அத்தனை பெண்கள் முன்னால் என் மனுசனை நிறம் கேட்டாய். அதை நான் மறக்கமாட்டேன்.

இரண்டு கிழமைக்கு மேலாக அவர் போனை எடுக்கவில்லை. நேற்று எடுத்தார். நான் ஏசினேன், அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஜூலி, எனக்குப் பயமாக் கிடக்கு. விடிஞ்சுதோ எண்டும் தெரியேல்லை. வாவன்" என்றார். சண்டைக்குள் ஓடியபோதும், கள்ளத்தோணியில் கடல் தாண்டியபோதும் அந்த வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்ததில்லை.

வருகிற கிழமை வருகிறேன். தக்சிகாவை நினைத்தால் உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்ற வேண்டும்போல இருக்கிறது. வெறும் வானுக்குள் இருந்து "ஏன்" என்று கேட்ட இவரை நினைத்தால் உன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை. நானாக உன்னிடம் வரும்வரை என் வாசலுக்கு வராதே.

ஜூலியட்