ஆறாவது லெவலில் படகு வரவில்லை

ஜனவரி 11, சனி

பரண் பெட்டியில் கிடந்த சிடியை அக்ஷதா தன் லேப்டாப்பில் எப்படியோ ஓட வைத்துவிட்டாள். ‘வெண்கலப் படகு’. ஓர் ஆங்கில மாயாஜால நாவலை வைத்து, 2002-இல் செகந்திராபாத்தில் பதினோரு பேர் சேர்ந்து செய்த கேம். நான் டெஸ்டர். ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடித்து எழுதுவது வேலை. இது கடைக்குப் போன கேம் அல்ல. அதற்கு நான்கு மாதம் முந்தைய பதிப்பு. சாட்சிக்கு இருக்கட்டும் என்று அன்று எடுத்து வந்தேன்.

கதாநாயகன் செருப்புக்குள் கல் புகுந்தவன் மாதிரி நடக்கிறான். ஆறு நீலத் தார்ப்பாய் போல இருக்கிறது. அக்ஷதா ஐந்து நிமிடம் பார்த்தாள். “அப்பா, இதி சால ஸ்லோ” என்று, ரொம்ப மெதுவு என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பழைய இந்திய கேம்களைப் பற்றி இணையத்தில் எழுதும் ராஜீவ் என்பவர், இது ஏன் தேறவில்லை என்று என்னிடம் கேட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் கேட்ட முதல் ஆள். சொல்கிறேன்.

ஜனவரி 12

இரண்டு மணி நேரம். ஒரே பள்ளத்தில் நான்கு முறை விழுந்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

“நல்ல நாள்லயும் அந்தச் சனியனா?” என்றாள் என் மனைவி விஜயா. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது ஆறாவது லெவலுக்கு வந்திருந்தேன்.

ஆற்றங்கரை. படகு இல்லை. நீந்தினால் சாவு. குதித்தால் சாவு. அதே இடம். அன்று நான் எழுதியது வரிக்கு வரி நினைவிருக்கிறது: “படகு வரவில்லை. கேமைத் தொடர முடியாது.” இந்த லெவலைச் செய்தவன் கிருஷ்ணகுமார். “வரும்பா, பொறு” என்று சிரித்தான். நான் விடவில்லை. மூன்று முறை அதே ரிப்போர்ட். கடைசியில் எல்லார் முன்னாலும், “கதை தெரியாதவன்கிட்ட பேசி கைக்கு, எதுக்கு டைம் வேஸ்ட் பண்ணணும்” என்றான், உருது கலந்த ஹைதராபாத் பேச்சில். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த என்னிடம்.

ஆடுகிறவன் நடுவில் சிக்கி நிற்கக் கூடாது என்று முதலாளி என் பக்கம் நின்றார். ஆற்றை எடுத்துவிட்டு ஒரு பாலம் போட்டார்கள். கிருஷ்ணகுமார் அந்த வாரமே வேலையை விட்டான். முடிவில் ஓடும் பெயர் வரிசையிலிருந்து அவன் பெயர் போயிற்று. கேம் விற்கவில்லை. ஆறே மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். இன்று நான் மருந்து கம்பெனியில் பிறர் எழுதிய அறிக்கைகளுக்குப் பிழை பார்க்கிறேன். எல்லாம் யாரால்?

ஜனவரி 16

ராஜீவுக்கு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பெயர் போட்டே எழுதினேன். முடிக்கவே முடியாத லெவலைச் செய்துவிட்டுத் திமிர் பேசியவன் என்று. பல நாள் கழித்து மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

என் கட்டுரை வெளியாகிவிட்டது. யாரோ ஒருவர் ‘இப்படிப்பட்டவர்களால்தான் நம் ஊரில் கேம் எதுவும் உருப்படவில்லை’ என்று கீழே எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வீட்டிலிருந்து வேலை. பதினொரு மணிக்கு ஆற்றங்கரையைப் படம் பிடித்து ராஜீவுக்கு அனுப்பலாம் என்று கேமைத் திறந்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது. கீழே போனேன். சில்லறை, கையெழுத்து, பழைய சிலிண்டரை இறக்குவது. திரும்பி வந்தபோது கதாநாயகன் உட்கார்ந்திருந்தான். நான் எதையும் தொடவில்லை. அவனாகவே வாளைத் தரையில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தான். பனி இறங்கியிருந்தது. பனிக்குள்ளிருந்து படகு வந்துகொண்டிருந்தது.

மறுபடி ஆரம்பித்து, கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடம். எதையும் அழுத்தாமல் ஆறு நிமிடம்.

அன்று எங்களுக்கு ஒரு நாளைக்கு முப்பது குறை கணக்கு. எந்த டெஸ்டர் ஆறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான்?

இல்லை. அது காரணம் இல்லை.

ஜனவரி 22

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நாவலின் ஜெராக்ஸ் பிரதி ஆபீசில் ஒன்றுதான் இருந்தது. வேலை தொடங்கும் முன் எல்லாரும் படித்துவிட்டு, ‘படித்தேன்’ என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் நாற்பது பக்கம் படித்தேன். மாயாஜாலக் கதையெல்லாம் எனக்கெதற்கு என்ற எண்ணம். கையெழுத்துப் போட்டேன்.

இன்று அக்ஷதா இணையத்தில் தேடி எடுத்துக் கொடுத்தாள். பதினொன்றாம் அத்தியாயம். வாளைக் கீழே வைத்து, கடக்க வேண்டும் என்ற நினைப்பையும் விட்டவனுக்குத்தான் படகு வருகிறது. அந்தக் கேமில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான். அதை எடுக்க வைத்தது நான்.

ஜனவரி 24

ராஜீவிடம் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். “சார், அதுதான் நல்லா போயிட்டிருக்கு. வேணும்னா கீழ ஒரு சின்ன நோட் போடலாம்” என்றார். சின்ன நோட்.

ஜனவரி 26, ஞாயிறு

குஷாய்குடாவில் கிருஷ்ணகுமார் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆக்னஸ் கேட் வரைக்கும் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

“அவர் வரமாட்டேங்கிறார் சார். கட்டுரையை வீட்ல எல்லாரும் படிச்சிட்டோம்.”

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னார். புக்கை இப்பவாவது படிச்சீங்களா?”

“ஒரு அத்தியாயம்” என்றேன்.

“படிக்காம சைன் போட்டீங்கன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். அடுத்த மாசம் உங்களுக்குக் கல்யாணம்னு பத்திரிகை கொடுத்திருந்தீங்களாம். அதான் நக்கோ, வேணாம்னு விட்டுட்டாராம்.” பிறகு, “வெயில்ல நிக்காதீங்க, கிளம்புங்க” என்றார்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஜனவரி 27

விஜயாவிடம் சொன்னேன். “நம்ம கல்யாணம் அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டதுல நடந்துச்சா?” என்று கேட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சின்ன நோட் இல்லை, முழுக் கட்டுரையாகவே எழுதினேன். கையெழுத்து, நாற்பது பக்கம், ஆறு நிமிடம், எல்லாம். போட்டே ஆக வேண்டும் என்று ராஜீவிடம் சண்டை பிடித்தேன். நேற்று போட்டார். முதல் கட்டுரையைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர்கூட வரவில்லை. அக்ஷதா படித்தாள். லேப்டாப்பை மூடி வைத்தாள்.

இன்று காலை கீழே ஒரே ஒரு பதில், ஆக்னஸ் எழுதியது. ‘நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். மத்தியானம் மிச்சத்தையும் கேட்டார்.’

அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.