ஒன்பதாம் கேள்விக்கு நான் போட்ட டிக்

மார்ச் 14, முற்பகல் 11.20. நீ நீர்மூழ்கியில் தண்ணீருக்குள் இறங்கி இன்றோடு ஐம்பத்தேழு நாள்.

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் இடத்தில் நீ இல்லை. உன் அம்மா நலமாக இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் வந்த எட்டுச் செய்தியிலும் நலம் என்று இருந்ததே என்பாய். அதில் பாதி நான் எழுதியது, பாதி கடற்படைத் தளத்தின் நலப்பிரிவு மேடம் திருத்தியது. வாரத்துக்கு நாற்பது சொல், அதுவும் நல்லதாக மட்டும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஐந்தாவது வாரம் 'அம்மாவுக்குக் கொஞ்சம் அசதி' என்று எழுதினேன். மேடம் போன் பண்ணி, சார், அந்த அசதியை எடுத்துடுங்க, பையன் உள்ளே உக்காந்து அதையே நினைச்சிட்டிருப்பான், வேற மூணு சொல் குடுங்க என்றார். மாடிக்குழாய் இப்போது ஒழுகவில்லை என்று கொடுத்தேன். அதைப் படித்து நீ என்ன நினைத்தாயோ. இந்தக் கடிதத்துக்குச் சொல் கணக்கு கிடையாது, ஏனென்றால் இது இப்போது உனக்கு வராது. தளத்தில் உன் பேர் போட்ட பையில் கிடக்கும், நீ கரையேறியதும் கொடுப்பார்களாம். அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

நீ போன முப்பத்தோராம் நாள் காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் துணைமின் நிலையத்தில் இரண்டு ஏவுகணை விழுந்தது. எனக்கு எட்டு மணி ஷிப்ட், வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். காவலாளிக்கு ஒரு காது போயிற்று, உயிர் தப்பினார். பெரிய டிரான்ஸ்பார்மர் எண்ணெயோடு சேர்ந்து இரண்டு நாள் எரிந்தது, அன்றிலிருந்து ஊருக்குக் கரண்ட் இல்லை. சண்டை நடப்பது எல்லையில், எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். இது வந்தது நேர் எதிர்ப்பக்கமிருந்து, கடல் பக்கமிருந்து. சுவரில் விழுந்த ஓட்டையின் கோணத்தை நானே டேப் பிடித்து அளந்தேன். நம் கடலில் எதிரிக் கப்பல் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கும் செய்தியில் சொன்னார்கள். மேலே இல்லைதான். அடியில் இருந்திருக்கிறது.

அதற்கு முந்தின வாரம்தான் நம் தெரு சலூன்காரர் கத்தரியை ஆட்டிக்கொண்டே, சண்டை தரையில நடக்குது, உங்க பையன் தண்ணிக்குள்ள தூங்கிட்டா இருக்கான், அந்த உயரத்துக்குக் காலை நீட்டவாவது இடம் குடுத்திருக்காங்களா என்று கேட்டார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்று பாடம் எடுத்தேன். அவங்க டாங்கி ஏன் மூணு வாரமா ஆத்தைத் தாண்டலை தெரியுமா, டீசல் இல்லை. ஏன் இல்லை, டீசல் கப்பல் அவங்க துறைமுகத்துக்கு வர மாட்டேங்குது. ஏன் வரலை, வாசல்ல நம்ம நீர்மூழ்கி ஒண்ணு கிடக்கலாம்னு பயம். கிடக்கவே வேண்டாம், கிடக்கலாம்ங்கிறதே போதும் என்றேன். சார், உக்காருங்க, காது போயிடும் என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது அதே பாடத்தை நான் படிக்கிறேன். எங்களுக்கு மாற்று டிரான்ஸ்பார்மர் தயாராக இருக்கிறது, நூற்றெண்பது டன், கப்பலில்தான் வர முடியும். கப்பல் ஏதோ ஒரு நாட்டில் நங்கூரம் போட்டு நிற்கிறது. நம் வாசலில் அவர்களுடையது ஒன்று கிடக்கலாமாம், கேப்டன் கிளம்ப மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு வர வேண்டிய டீசலும் அங்கேதான் நிற்கிறது.

உன் அம்மாவுக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் நடந்ததே, இப்போது வாரம் இரண்டு, தடவைக்கு இரண்டு மணி. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நாலாகிவிட்டது. கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது, நுரையீரலில் தண்ணீர், படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடுகிறார். வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் ரயில் முழுக்க ராணுவத்துக்கு, சாலையில் போனால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்க கரண்ட் குடுங்க சார், நான் காப்பாத்துறேன் என்கிறார். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற உத்தியோகக்காரனிடம் அப்படிச் சொல்கிறார். இரண்டு வாரம் தாங்கும் என்கிறார், அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த ஏவுகணையை விட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்று பார்த்தேன். திட்டத் திட்ட அது உன்மேல் விழுகிறது, நிறுத்திக்கொண்டேன். நீ உள்ளே என்ன வேலை பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். உன் அப்பா போனபோது உனக்கு எட்டு வயது, எனக்கு இருபத்தொன்று. அன்றிலிருந்து பெற்றோர் கையெழுத்து என்று எங்கே இருந்தாலும் நான்தான் போட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் கிளம்புவதற்கு முன் தளத்தில் கொடுத்த படிவத்தையும், சித்தப்பா, கடைசிப் பக்கத்துல கையெழுத்து போட்டுட்டேன், மத்ததை நீங்களே பார்த்து எழுதிடுங்க என்று எனக்கு அனுப்பினாய். அதில் ஒன்பதாம் கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் பயணத்தின் நடுவில் உங்களுக்குத் தெரிவிக்கலாமா, ஆம், வேண்டாம். இரண்டு வினாடிகூட யோசிக்கவில்லை. ஒன்றும் செய்ய முடியாதவனிடம் ஒரு தகவலைச் சொல்லி என்ன பயன் என்று வேண்டாம் என்பதில் டிக் போட்டேன். போட்டுவிட்டு சாப்பிடப் போனேன்.

போன வாரம் மேடத்திடம் மன்றாடினேன். ஆம் என்று இருந்தால் அவனை மேலே கொண்டுவந்து இறக்குவீர்களா என்றேன். சத்தியமா முடியாது சார், ஆனா கேப்டன் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார், அவனும் மனசுக்குள்ள ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருப்பான் என்றார். அப்படியானால் மாற்றுங்கள் என்றேன். கையெழுத்து அவனோடது, அவன்தான் மாத்தணும், அவன்கிட்ட கேக்க வழி இல்லை என்றார். நான் கத்தினேன். அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். என் தம்பியும் அதே கப்பல்லதான் சார் இருக்கான் என்று கடைசியில் சொன்னார்.

உன் அம்மா தினமும் கேட்பது ஒன்றே ஒன்றுதான், தம்பி, அவன்கிட்ட சொல்லிட்டியா. நாலு நாளைக்கு முன் பொறுக்க முடியாமல், சொல்லியாச்சு அண்ணி, கிளம்பிட்டான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முனகல் நின்றுவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டுத் தலை வாரிக்கொள்கிறார். ஆனால் நான் உள்ளே நுழையும்போதெல்லாம், எங்கே வந்திருக்கான் என்று கேட்கிறார். நீ எந்தக் கடலில் இருக்கிறாய் என்றே தெரியாத நான் நாளுக்கு ஓர் இடம் சொல்கிறேன்.

ஆசீர்வாதம் எல்லாம் எனக்கு ஒழுங்காக எழுத வராது. நூறு வயது இரு. எழுந்து நிற்கும்போது தலையில் இடித்துக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, படிவத்தில் இருப்பது உன் கையெழுத்துதானே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. டிக் போட்டது நான்.

உன்னை வளர்த்த
சித்தப்பா

இனி நான் செய்யப்போவது:

1. இன்று பகல் ஒரு மணிக்கு டயாலிசிஸ் டெக்னீசியனோடு சேர்ந்து ஜெனரேட்டரின் டீசல் வடிகட்டியை மாற்றுவது. ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் லாபம்.

2. ஆஸ்பத்திரியின் இரண்டு லிப்டையும் நிறுத்தி, அந்தக் கரண்டை டயாலிசிஸ் எந்திரத்துக்குத் திருப்பக் கண்காணிப்பாளரிடம் மறுபடி கேட்பது. இரண்டு தடவை முடியாது என்றுவிட்டார்.

3. வெள்ளிக்கிழமைச் செய்தியை முடிப்பது. முப்பத்திரண்டு சொல் எழுதியாகிவிட்டது, அம்மா நலம் என்பதையும் சேர்த்து.

4. சாயங்காலம் நாலு மணிக்கு உன் அம்மாவைப் பார்ப்பது. நேற்று உன்னைத் துறைமுகம் வரை கொண்டுவந்துவிட்டேன். அங்கிருந்து இங்கே எட்டு மணி நேரம்தான் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு உன்னை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.