கை காட்டியது நான்

2024 ஜூன் 11, செவ்வாய்

எனக்கு எழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் பிரேமா எழுதுகிறாள். இன்று சைக்கிளில் ஆறு ஓட்டலுக்கு வாழையிலைக் கட்டு கொண்டுபோய்ப் போட்டேன். வழியில் ரவுண்டானாவில் ஒரு ஸ்கூட்டரை வேன் இடித்துவிட்டது. பெண்பிள்ளை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 12

சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 19

அந்தப் பெண்ணின் பெயர் லிபி. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் வேலைக்கு நிற்கும் ஞானசிகாமணியின் மகள். கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருக்கிறது. டீக்கடையில் அவர் சொன்னார்: "பாக்காம உள்ள கேறியிருக்கா. கேட்டா, யாரோ ஒரு வயசான பாட்டா கை காட்டுனாராம். பாட்டாவும் இல்ல, பூட்டாவும் இல்ல. பச்சைக் கள்ளம். நடக்க ஆரம்பிச்சதும் வண்டிய வித்துருவேன். வேலைக்கும் போவாண்டாம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

ஜூலை 2

பழக்கம் விடவில்லை. ரவுண்டானாவுக்குள்ளே இன்றும் ஒரு காருக்காக நின்றேன். டிராபிக் போலீஸ் வந்தார். "பெரியவரே, உள்ள சுத்துற ஆளுக்காக்கும் முதல் வழி. வெளிய உள்ளவன் நிக்கணும். நீங்க நின்னா பின்னால வாறவனுக்கு என்ன தெரியும்?"

பின்னால் வாறவன். அதுதானே.

ஜூலை 3

பிரேமா, இதையும் எழுது.

நாற்பத்திரண்டு வருஷமாக மோட்டார் வண்டியைக் கண்டால் ஒதுங்கி நிற்பேன். அது மரியாதை என்று நினைப்பு. அன்றைக்கு ரவுண்டானாவுக்குள் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்துச் சாலை வாயில் ஊதா நிற ஸ்கூட்டர். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி வைத்திருந்தாள். ஒழுங்காகத்தான் காத்து நின்றாள். நான் காலை ஊன்றி, "போ மக்கா" என்று கை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். பின்னாலிருந்து என்னை ஒட்டி வலப்பக்கமாக வேன் வந்தது. என் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த இலைக்கட்டு ஆள் உயரம். அது அவளுக்கும் மறைத்தது, வேன்காரனுக்கும் மறைத்தது. நான் திரும்பியே பார்க்கவில்லை.

என் வழியை நான் விடலாம். வேனுடைய வழியை விட்டுக்கொடுக்க நான் யாரு?

கூட்டம் கூடியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆறு ஓட்டலுக்கும் இலை போட்டேன். அன்றைக்கு உன்னிடம் சொன்னதில் இதுதான் விட்டுப்போனது.

பிரேமா பேனாவை வைத்துவிட்டாள். "யாரும் பாக்கல்லியே மாமா. இந்த வயசுல போலீசு, ஸ்டேஷனுன்னு அலையணுமா?"

லிபி பார்த்தாளே.

ஜூலை 7, ஞாயிறு

பிரேமாவும் நானும் ஞானசிகாமணி வீட்டுக்குப் போனோம். வேதக்கோவிலில் ஞாயிறு ஜெபம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். ஞானசிகாமணி என்னை அடித்திருந்தால் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "டீக்கடையில என் பக்கத்துலதானே ஓய் இருந்தீரு" என்றார். அவ்வளவுதான்.

லிபி கட்டிலில் இருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். "அப்போ நெசமாவே கை காட்டுனீங்க இல்லியா பாட்டா? எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் கனவு கண்டேனோன்னு ஆகிப்போச்சு."

பிறகு அழுதாள். அவள் அம்மா ஓமனா எங்களைப் போகச் சொன்னாள்.

ஜூலை 9

ஸ்டேஷனில் சொன்னேன். வாசித்துக் காட்டினார்கள். அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி வைத்திருந்ததை விட்டிருந்தார்கள், சேர்க்கச் சொன்னேன். பெருவிரல் வைத்தேன். ஞானசிகாமணி வெளியே பெஞ்சில் இருந்தார்.

செப்டம்பர் 5

டீக்கடையில் நான் போனால் அவர் எழுந்துவிடுகிறார். வண்டியை விற்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

2025 ஜனவரி 20, திங்கள்

காலையில் இலைக்கட்டோடு ரவுண்டானாவுக்குள் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்து வாயில் லிபி ஸ்கூட்டரில் நின்றாள். பின்னால் ஞானசிகாமணி, மகளின் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு பஸ் போனது. ஒரு கார் போனது. அவள் காத்து நின்றாள். என்னைக் கண்டுவிட்டாள். கும்பிடுவதற்குக்கூட நான் கை எடுக்கவில்லை. நிறுத்தாமல் மிதித்தேன். அவர்களைத் தாண்டின பிறகுதான் முதுகுக்குப் பின்னால் ஸ்கூட்டர் உள்ளே வரும் சத்தம் கேட்டது.